மேற்குக் கரைப் படகு

வால்பராய்சோ
6 ஜூலை 1986

அன்புள்ள லதிஸ்லாவோ அண்ணனுக்கு,

நெல்தா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீயும் எர்சீலியா அண்ணியும் சுகம்தானே? இந்தக் குளிரில் அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். வரும் பிப்ரவரிக் கோடையில் எனக்குப் பதினைந்து நாள் விடுப்பு தருகிறார்கள். அங்கே வரலாம் என்று இருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மா, "எங்க போற நெல்தா, கடற்கரைக்கா?" என்று கேட்டாள். "இல்ல, பனியாத்துக்கு" என்றேன். "அங்க என்ன இருக்கு?" என்றாள். நான் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது போல. மதியம் வரை என் பக்கம் வரவே இல்லை.

என் பிள்ளை ரெனாத்தோ போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருக்கும். அவன் விழுந்த இடத்தை நான் பார்த்ததில்லை. பார்த்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் தெரியாது. வரவேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதிரி சப்பாத்து வேண்டும்? எத்தனை கம்பளிச் சட்டை? ஏரியைக் கடந்து மேற்குக் கரைக்கு என்னைப் படகில் கொண்டுபோய் விடுவாயா? அங்கிருந்து பனி எவ்வளவு தூரம்? எழுது.

உன் தங்கை,
நெல்தா


பஹியா பார்தா
22 ஆகஸ்டு 1986

அன்புள்ள நெல்தாவுக்கு,

உன் கடிதம் கோய்ஹைக்கேயிலேயே மூன்று வாரம் கிடந்திருக்கிறது. மூடுபனியில் விமானம் இறங்கவில்லை. நாங்கள் சுகம். ஆடுகள்தான் பதினொன்று பனியில் செத்துப் போயின. எர்சீலியாவின் முழங்கால் வானிலை அறிக்கையை விடச் சரியாகச் சொல்கிறது.

நீ வருவது சந்தோஷம். வீடு உன்னுடையது. சப்பாத்து கணுக்காலுக்கு மேலே வரவேண்டும். கம்பளிச் சட்டை இரண்டு போதும், இங்கே என்னுடையது இருக்கிறது.

ஆனால் படகைப் பற்றி இப்போதே ஒன்றும் சொல்ல முடியாது. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பிப்ரவரியில் காற்று மோசம். மேற்குக் கரையில் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை நெல்தா. பனி ஒவ்வொரு வருடமும் இடம் மாறுகிறது. அந்த இடம் என்று இப்போது ஒரு இடம் கிடையாது. வீட்டில் வந்து இரு. மாத்தே டீ குடிக்கலாம், ஆட்டுக்கறி சுடுகிறேன், ஓய்வெடு.

உன் அண்ணன்,
லதிஸ்லாவோ


வால்பராய்சோ
21 செப்டம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்தேன். ஆடுகளுக்காக வருத்தப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சப்பாத்து வாங்கிவிட்டேன், ஒரு சுரங்கத் தொழிலாளியுடையது. கடைக்காரன், "அக்கா, இதுக்குள்ள உங்க ரெண்டு காலும் ஒண்ணாப் போயிடும்" என்றான். காகிதம் அடைத்து நடந்து பார்த்தேன், பரவாயில்லை. மாலையில் அதைப் போட்டுக்கொண்டு மேட்டுத்தெருப் படிகளை ஏறி இறங்குகிறேன். பக்கத்து வீட்டார் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள்.

பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி, ஒன்றுமில்லாததையே பார்க்கிறேன். ரெனாத்தோவையும் அவனோடு வந்த இரண்டு பேரையும் அன்று எங்கே இறக்கினாயோ, அங்கேயே என்னையும் இறக்கு. நீ அன்று எங்கே நின்றிருந்தாய் என்றும் காட்டு. காற்று அன்று எப்படி இருந்தது அண்ணா? நீ அப்போது எழுதிய கடிதத்தில் அது இல்லை. 'விழுந்ததும் முடிந்துவிட்டது, அவனுக்கு வலி தெரிந்திருக்காது' என்று மட்டும் இருக்கிறது.

படகு ஓடாது என்றால் கரையோரமாகவே நடந்து போக வழி உண்டா?

நெல்தா


வால்பராய்சோ
9 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. இப்போது அங்கே வசந்தம், விமானம் வாரம் தவறாமல் வருவதாக வானொலியில் சொல்கிறார்கள். என் கடிதம் கிடைத்ததா, இல்லையா?

நெல்தா


பஹியா பார்தா
27 நவம்பர் 1986

அன்பு நெல்தாவுக்கு,

அண்ணி எர்சீலியா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் இரண்டு கடிதமும் வந்துவிட்டன. உன் அண்ணன் வாசித்தார். வாசித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விறகு வெட்டப் போனார். அன்றிலிருந்து விறகு வெட்டுகிறார். மூன்று குளிர்காலத்துக்குப் போதுமான விறகு வாசலில் கிடக்கிறது.

"தங்கச்சிக்கு ரெண்டு வரி எழுதக்கூடாதா?" என்று கேட்டேன்.

"எழுதறேன்."

"எப்ப?"

"எர்சீலியா, அடுப்பப் பாரு."

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. அவர் பிரித்துப் போடவில்லை. கிழக்குக் கரைக்கும் ஏரி நடுவில் உள்ள தீவுக்கும் போய் வருகிறார். மேற்குக் கரைக்கு மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை. யார் கேட்டாலும் வேறு படகுக்காரரிடம் அனுப்பிவிடுகிறார்.

காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அதை அவர்தான் உனக்குச் சொல்லவேண்டும், நான் சொல்வது முறையில்லை. நீ இந்த வருடம் வராமல் இருந்தால் நல்லது என்று ஒரு சமயம் தோன்றுகிறது. வந்துவிட்டால் நல்லது என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. இரண்டையும் எழுதிவிட்டேன். நீ பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
எர்சீலியா


வால்பராய்சோ
14 டிசம்பர் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகம். உங்கள் முழங்காலுக்குத் தேய்க்க ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். புவெர்த்தோ மோன்த் வரை ரயில், அங்கிருந்து கோய்ஹைக்கே, பிறகு உங்கள் சின்ன விமானம். பிப்ரவரி பதினொன்றாம் தேதி இறங்குவேன். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அவர் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நெல்தா


பஹியா பார்தா
4 ஜனவரி 1987

நெல்தா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராகவே எழுதுகிறேன்.

உன் பையன் விழுந்தவுடன் சாகவில்லை.

அன்று காலையில் மூன்று பேரை மேற்குக் கரையில் இறக்கினேன். பனியை அளக்க வந்த சல்தீவியா, சுமை தூக்க வந்த ஒரு ஆள், பையன். சாயங்காலம் வரை படகோடு அங்கேயே காத்திருப்பதாகப் பேச்சு. பதினோரு மணிக்குப் பனியிலிருந்து காற்று இறங்கியது. அந்தக் கரையில் ஒதுங்க இடம் இல்லை, வெறும் பாறை. படகு இரண்டு முறை பாறையில் மோதியது. மூன்றாவது மோதலுக்கு முன்னால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தீவின் மறைவுக்குப் போய்விட்டேன். நீளக் கயிறு படகில் இருந்தது. அதைக் கரையில் எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பையன் பனிப் பிளவுக்குள் விழுந்திருக்கிறான். பதினைந்து மீட்டர் கீழே இடுப்பு வரை சிக்கிக்கொண்டு, பேசிக்கொண்டு இருந்திருக்கிறான். அவர்கள் கையிலிருந்த கயிறு எட்டவில்லை. சுமைக்காரன் என்னைத் தேடிக் கரைக்கு ஓடிவந்தான். நான் இல்லை.

காற்று அடங்கி நான் திரும்பியபோது மணி ஐந்தே முக்கால். மறுபடியும் கரைக்கு வந்து காத்திருந்த சுமைக்காரனும் நானும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேலே சல்தீவியா பிளவின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கிடந்தார். எங்களைப் பார்த்து, "சத்தம் நின்னுடுச்சு" என்றார். நான் கயிற்றை இறக்கினேன், வெகுநேரம் கூப்பிட்டேன். அவன் கீழே நழுவிப் போயிருந்தான். கண்ணுக்கே தெரியவில்லை.

உனக்கு வேறு மாதிரி எழுதினேன். சல்தீவியாவிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். உனக்கு வலிக்கக்கூடாது என்று செய்ததாக எர்சீலியாவிடம் சொன்னேன். அது பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது.

இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

லதிஸ்லாவோ


வால்பராய்சோ
19 ஜனவரி 1987

அண்ணா,

கடிதம் கிடைத்தது. பிப்ரவரி பதினொன்று, புதன்கிழமை. படகை நீயே ஓட்டு, வேறு ஆளை வைக்காதே.

நெல்தா


பஹியா பார்தா
8 மார்ச் 1987

அன்பு நெல்தாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? களிம்பு நன்றாகக் கேட்கிறது. இப்போது மாடிப்படி ஏறுகிறேன்.

நீ இருந்த பத்து நாளும் உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. அன்று காலையில் இரண்டு பேரும் படகில் போனீர்கள். சாயங்காலம் சேறும் ஈரமுமாக வந்து நின்றீர்கள். "சூப்பு இருக்கா அண்ணி?" என்று மட்டும் கேட்டாய். அவர் இரண்டு கிண்ணம் குடித்தார்.

நீ போன பிறகு அவரிடம் கேட்டேன். "அங்க என்னதான் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"திட்டினாளா?"

"இல்ல."

"அழுதாளா?"

"எர்சீலியா, அவ என்னைத் தள்ளிவிட்டா."

அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார். தண்ணீரில் தள்ளினாயா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயாவது எழுது.

அண்ணி


வால்பராய்சோ
29 மார்ச் 1987

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன்.

அவரை நான் தண்ணீரில் தள்ளவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏரி அன்று காலையில் அசையாமல் கிடந்தது. போகும்போது அண்ணன் சாமான்களைப் பெயர் சொல்லிக் கேட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன். கரையில் இறங்கி, காட்டுக்குள் இரண்டு மணி நேரம் ஏறினோம். பனி தெரிந்தது. நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன் அண்ணி. அது அழுக்காக இருந்தது. ஆஸ்பத்திரியில் காலையில் வந்து விழும் துணிக்குவியல் மாதிரி சாம்பலும் கறுப்புமாகக் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கால் வலித்தது. அண்ணன் கையை நீட்டி, "அந்தப் பக்கம்" என்றார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கம் மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் நின்றோம். ரொட்டி தின்றோம். இறங்கினோம்.

கரைக்கு வந்தபோது காற்று இறங்கிவிட்டது. நான் அப்படி ஒரு காற்றைப் பார்த்ததில்லை. தண்ணீர் எழுந்து நிற்கிறது. படகு பாறையில் ஒரு முறை மோதியது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது.

அண்ணன் முதலில் படகுக்குள் தாவி, "ஏறி உக்காரு, ரெண்டு பேரும் தீவுக்குப் போயிடலாம்" என்றார். நான் படகுக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன். எனக்குத் தாவ முடியாது. அந்தச் சப்பாத்தோடு நிச்சயமாக முடியாது.

"நீ போ அண்ணா" என்றேன்.

"போகமாட்டேன்."

"படகு உடையப்போவுது."

"உடையட்டும்."

"உடைஞ்சா எப்படி வீட்டுக்குப் போறது? போ."

"செத்தாலும் போகமாட்டேன் நெல்தா. நீ என்ன சொன்னாலும் சரி." அவர் படகுக்குள் நின்று பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கை முழுக்க ரத்தம். ஐம்பத்தாறு வயது மனிதர், குழந்தை மாதிரி அழுதார்.

நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பாறையிலிருந்து எடுத்தேன். கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டேன். காலால் படகைத் தள்ளினேன். அவர் சொன்ன தள்ளல் இதுதான்.

பிறகு காட்டின் ஓரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பயப்படவேண்டும் என்று நினைத்தேன். தூங்கிப்போனேன். இரண்டு வருடமாக இரவில்கூட ஒழுங்காகக் கண் மூடியதில்லை. நாலு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். அண்ணன் வந்து தோளைத் தொட்டார்.

"பயந்துட்டியா?"

"தூங்கிட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கிளம்பினோம்.

இதோடு அண்ணனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதை அவரே பிரிக்கட்டும்.

நெல்தா


அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? கைக் காயம் ஆறிவிட்டதா?

நீ ஜனவரியில் எழுதியது எனக்குப் புதிதில்லை. சல்தீவியா அதற்கு ஒரு வருடம் முன்பே என் வீட்டுக்கு வந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, டீயை ஆறவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். தன்னால் தூங்க முடியவில்லை என்றார். முதல் கடிதம் எழுதும்போதே எனக்கு எல்லாம் தெரியும். காற்று எப்படி இருந்தது என்று நான் கேட்டது தெரிந்துகொள்ள அல்ல. நீ பொய் சொல்வதைப் பார்க்கக் கேட்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சுமைக்காரன் கரையிலிருந்து திரும்பி வந்து, படகு இல்லை என்று கத்தியிருக்கிறான். கீழே ரெனாத்தோவுக்கு அது கேட்டிருக்கிறது. அவன் சொன்னதைச் சல்தீவியா சொன்னபடியே எழுதுகிறேன். "மாமா போயிட்டாரா? போகட்டும். இந்தக் காத்துல அங்க நின்னா படகு சில்லு சில்லாப் போயிடும். நானா இருந்தாலும் போயிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "வரட்டும், வந்து நல்லாத் திட்டுவாரு, கண்ணை எங்கடா வச்சிருந்தேன்னு" என்றானாம். சிரித்தானாம். அதற்குப் பிறகு குளிரைப் பற்றிப் பேசினான், பிறகு அதுவும் இல்லை.

இதை முதல் நாளே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நீயாகவே வாய் திறக்கும் வரை நீ கிடந்து வேகட்டும் என்று இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகும் சொல்லவில்லை. படகில் போகும்போது நீ ஒரே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாய். அப்போதும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது பிடித்திருந்தது. அவன் உனக்காக விட்டுப்போன வார்த்தையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன் அண்ணா. நீ அன்று செய்ததற்கு ஒரு காற்று இருந்தது. நான் செய்ததற்கு அதுவும் இல்லை.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

நெல்தா


பஹியா பார்தா
17 மே 1987

நெல்தாவுக்கு,

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. எர்சீலியா சுகம். என் கை ஆறிவிட்டது, இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை.

உன் கடிதத்தைப் பாதி வாசித்து மடித்து வைத்தேன். மறுநாள் மீதியை வாசித்தேன். உன் மேல் கோபம் வந்தது. ஒரு வருடம், நெல்தா. அந்த ஒரு வருடத்தில் நான் எத்தனை நாள் ஏரிக்குள் நடந்து போய்விடலாமா என்று நின்றிருக்கிறேன், உனக்குத் தெரியாது. கோபம் பத்து நாள் இருந்தது. பிறகு நான் உன்னிடம் எவ்வளவு காலம் மறைத்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். என்னுடையதுதான் அதிகம்.

போன வியாழக்கிழமை காற்று இல்லை. தனியாக மேற்குக் கரைக்குப் போனேன். பனிவரை ஏறினேன். மூச்சு வாங்கியது. அங்கே நின்று சத்தமாகத் திட்டினேன். "கண்ணை எங்கடா வச்சிருந்த ரெனாத்தோ! ஆயிரம் தடவை சொன்னேன்ல, கோலால குத்திப் பாத்துட்டுக் கால வைன்னு! உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" தொண்டை கட்டும் வரை திட்டினேன். அவன் போனதிலிருந்து அவன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

அடுத்த பிப்ரவரியில் உனக்கு விடுப்பு உண்டா? கேட்டு எழுது.

உன் அண்ணன்,
லதிஸ்லாவோ